ஆபரேஷனுக்கு முன் சிகரெட்டை விட உதவும் பொருள்கள்: எதை, எப்போது வாங்குவது?

ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. நோயாளி புகைப்பவர். கையில் நான்கு வாரம் இருக்கலாம், சில சமயம் நான்கே நாள்தான் இருக்கும். கடையில் கிடைக்கும், தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம், சப்பும் மாத்திரை, மருத்துவர் எழுதித் தரும் வரெனிக்ளின், புப்ரோபியான், சைடிசின், மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவி, ஆலோசனைச் சேவை. இவை அத்தனையையும் இந்த ஒரு நோயாளியின் தேவையை வைத்தே இங்கே எடைபோடுகிறோம். "என்றாவது விட வேண்டும்" என்று நினைப்பவருக்குப் பொருத்தமான மருந்து, தேதி நெருங்கிவிட்டவருக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால் விலைச்சீட்டுக்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான நோயாளிகளுக்கு முதல் தேர்வு பேட்ச்சும் சூயிங்கமும் சேர்ந்த ஜோடிதான். காரணம், வாங்கிய அன்றே வேலை செய்யத் தொடங்கும். குறைந்தது இரண்டு வாரமாவது இருந்து, மருத்துவர் மேற்பார்வையும் கிடைத்தால் வரெனிக்ளின் அதற்கு இணையாக நிற்கும். மூச்சுக் கருவியை நோயாளி வாங்க வேண்டியதில்லை, மருத்துவமனை வாங்க வேண்டும். வெறும் துண்டுப் பிரசுரத்தோடு முடிந்துபோகும் ஆலோசனைக்கு மதிப்பெண் தர மனம் வரவில்லை.

நாள்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்

கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் ஆகிறது. ஆக, ஒரு முழு நாள் புகைக்காமல் இருந்தாலே மயக்கம் கொடுக்கும் நேரத்தில் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் பெரிதும் மீண்டிருக்கும். காயம் ஆறுவதும் தொற்றை எதிர்க்கும் திறனும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அவற்றுக்குச் சுமார் நான்கு வாரம் வேண்டும். நுரையீரலிலிருந்து சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் சீராவதற்கும் வாரக்கணக்கில் ஆகும்.

நேரம் இருந்தால் கிடைக்கும் பலன் எவ்வளவு பெரிது என்பதற்கு 2002-இல் டென்மார்க்கில் வெளியான ஆய்வு நல்ல சாட்சி. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த 120 பேரில் ஒரு பாதிக்கு 6 முதல் 8 வாரம் முன்பே வாராந்திர ஆலோசனையும் நிகோடின் மாற்றுப் பொருள்களும் (பேட்ச், சூயிங்கம் போன்றவை) தரப்பட்டன. சிக்கல் ஏற்பட்டவர்கள் மற்ற பாதியில் 52 சதவீதம், இந்தப் பாதியில் 18 சதவீதம். காயம் சார்ந்த சிக்கல்களை மட்டும் எடுத்தால் 31 சதவீதத்துக்கு எதிராக 5 சதவீதம். இவ்வளவு பலன் தரும் மாத்திரை ஒன்று ஆபரேஷனுக்கு முன் கொடுக்க இருந்தால், அதை எழுதாத மருத்துவர் இருக்க மாட்டார்.

"கடைசி நேரத்தில் விட்டால் சளி கட்டி ஆபத்தாகிவிடும், இப்படியே இருக்கட்டும்" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். விட்ட முதல் வாரங்களில் சிலருக்கு இருமலும் சளியும் கூடுவது உண்மை. ஆனால் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆபரேஷனுக்கு எட்டு வாரத்துக்குள் விட்டவர்களுக்குச் சிக்கல் கூடியதாகத் தெரியவில்லை. நாளை மறுநாள் ஆபரேஷன் என்றாலும் இன்றே விடச் சொல்லலாம்.

நிகோடின் பேட்ச்

இரண்டு வகை உண்டு. 24 மணி நேர பேட்ச் 21, 14, 7 மில்லிகிராம் அளவுகளில் வரும். 16 மணி நேர பேட்ச் பெரும்பாலும் 25, 15, 10 மில்லிகிராம். ஒரு வகையின் எண்ணை இன்னொரு வகையின் எண்ணோடு ஒப்பிட்டு "இது கூடுதல், அது குறைவு" என்று கணக்குப் போட வேண்டாம். வேலை செய்யும் நேரமே வேறு.

நாளைக்கு 10 சிகரெட்டுக்கு மேல் புகைப்பவர் 21-இல் தொடங்கி ஆறு வாரம், பிறகு 14-இல் இரண்டு வாரம், 7-இல் இரண்டு வாரம். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14-இலிருந்து தொடங்கலாம். இந்தப் பொருள் தோற்றுப்போவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம், அளவைக் குறைத்துத் தொடங்குவதுதான். "நிகோடின் விஷமாயிற்றே, சின்னதாக ஒட்டுவோம்" என்று இரண்டு பாக்கெட் புகைப்பவருக்கு 7 மில்லிகிராம் ஒட்டினால், மூன்றாம் நாள் அவர் "பேட்ச் எல்லாம் வேலைக்கு ஆகாது" என்பார். பழி பேட்ச் மேல் விழும், தவறு அளவில் இருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைப்பது புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு. பேட்ச்சில் அது இல்லை, தாரும் இல்லை.

நிகோடினே காயம் ஆறுவதைக் கெடுக்காதா என்ற கேள்வி நியாயமானது. 2003-இல் டென்மார்க்கில் தன்னார்வலர்களுக்குச் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்த ஆய்வில், நான்கு வாரம் புகையை விட்டவர்களிடம் தொற்று குறைந்தது. அவர்களில் நிகோடின் பேட்ச் ஒட்டியவர்களுக்கும் போலி பேட்ச் ஒட்டியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு விதிவிலக்கைக் கவனமாகப் பாருங்கள். நுண்ணிய இரத்தக் குழாய்களை இணைத்துத் தசையையோ தோலையோ இடம்மாற்றும் ஆபரேஷன், துண்டான விரலை ஒட்டும் ஆபரேஷன் போன்றவற்றில் நிகோடின் எந்த வடிவிலும் வேண்டாம் என்று சொல்லும் அறுவை மருத்துவர்கள் உண்டு. அங்கே அவரைக் கேட்காமல் பேட்ச் ஒட்டக் கூடாது.

ஒட்டும் முறை எளிது, ஆனாலும் பலர் தவறவிடுகிறார்கள். மேல்கை, மார்பின் மேல்பகுதி, முதுகு ஆகியவற்றில் முடி இல்லாத, உலர்ந்த, எண்ணெயோ லோஷனோ படாத இடம் வேண்டும். ஒட்டி உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இடத்தை மாற்றி, அதே இடத்துக்கு ஒரு வாரமாவது திரும்பாமல் இருந்தால் சிவப்பும் அரிப்பும் குறையும். லேசான அரிப்பு சகஜம், கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். அளவைக் குறைக்க பேட்ச்சைக் கத்தரியால் வெட்ட வேண்டாம். கழற்றிய பேட்ச்சிலும் நிகோடின் மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போட வேண்டும்.

24 மணி நேர வகை கெட்ட கனவுகளைத் தரலாம். தூக்கம் கெட்டால் படுக்கும் முன் கழற்றிவிடலாம், அல்லது 16 மணி நேர வகைக்கு மாறலாம். ஆனால் கண் விழித்ததும் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்கு இரவெல்லாம் ஒட்டியிருக்கும் வகைதான் காலையைக் கடக்க உதவும்.

மருத்துவமனைக்குள் வந்தபின் இரண்டு எச்சரிக்கைகள். சூடு பட்டால் பேட்ச்சிலிருந்து நிகோடின் வேகமாக உறிஞ்சப்படும். காய்ச்சல், வெந்நீர்ப் பை, ஆபரேஷன் அறையில் போர்த்தும் சூடேற்றும் போர்வை எல்லாமே இதில் சேரும். சில பேட்ச்களின் பின்பக்கத்தில் உலோகப் படலம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கழற்ற வேண்டும். இந்த இரண்டையும் செவிலியர் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது. ஆடைக்குள் ஒட்டியிருப்பது யார் கண்ணிலும் படாது.

சூயிங்கமும் சப்பும் மாத்திரையும்

பேட்ச்சின் பலவீனம் அதன் நிதானம். ஒட்டியபின் நிகோடின் அளவு உச்சத்துக்கு வரப் பல மணி நேரம் ஆகும். திடீரென்று எழும் தவிப்புக்கு அதனிடம் பதில் இல்லை. அந்த இடத்தைச் சூயிங்கம் நிரப்புகிறது. ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் வெற்றி பெறும் வாய்ப்பு கூடுதல் என்பதற்கு வலுவான ஆய்வு ஆதாரம் இருக்கிறது. பேட்ச்சின் மேல் கம் மென்றால் ஆபத்து என்று கடைக்காரரே தயங்குவதுண்டு. அந்தத் தயக்கம் தேவையற்றது. ஆனால் படபடப்பு, குமட்டல், தலைசுற்றல், வியர்வை வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள், கம்மின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

2 மில்லிகிராமா, 4 மில்லிகிராமா? இதற்கு ஒரே கேள்வி போதும்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 30 நிமிடத்துக்குள் என்றால் 4. அதற்குப் பிறகு என்றால் 2. நாளைக்கு எத்தனை என்பதைவிட இந்தக் கேள்வி அடிமைத்தனத்தின் ஆழத்தை நன்றாகக் காட்டும். பீடி புகைப்பவரிடமும் இதையே கேட்கலாம்.

மெல்லும் முறைதான் இந்தப் பொருளின் உயிர். சாதாரண சூயிங்கம் போலத் தொடர்ந்து மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். அங்கே விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். உறிஞ்சப்பட்டதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். மெதுவாக மென்று, காரமோ சுருக்கென்ற கூச்சமோ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் கூச்சம் அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். மெல்லும்போதும் அதற்கு 15 நிமிடம் முன்பும் காபி, பழச்சாறு, சோடா கூடாது. வாய் அமிலமானால் நிகோடின் கன்னத்தின் வழியே உள்ளே போகாது. "கம் போட்டும் அடங்கவில்லை" என்று சொல்லும் நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது, கையில் காபி இருந்ததா என்பதுதான்.

பேட்ச் இல்லாமல் கம் மட்டும் என்றால் தவிப்பு வரும்வரை காத்திருக்காமல், முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று என்று கடிகாரத்தைப் பார்த்து மெல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. பேட்ச்சோடு சேரும்போது தவிப்பு வரும்போது மட்டும் போதும்.

பல்செட் வைத்திருப்பவர், தாடை வலி உள்ளவர், வாய் ஆபரேஷனுக்குப் போகிறவர் ஆகியோருக்குச் சப்பும் மாத்திரை. 2, 4 தேர்வு இதற்கும் அதே கேள்விதான். கடிக்காமல், விழுங்காமல் 20 முதல் 30 நிமிடம் கரையவிட வேண்டும். நாளுக்கு 20 வரை.

வரெனிக்ளின்

நிகோடின் ஒட்டும் அதே மூளை ஏற்பியில் அரைகுறையாக ஒட்டி, தவிப்பையும் தணிக்கும், புகைத்தாலும் வரும் சுகத்தையும் குறைக்கும். முதல் 3 நாள் 0.5 மில்லிகிராம் ஒரு வேளை, 4 முதல் 7-ஆம் நாள்வரை 0.5 இரு வேளை, 8-ஆம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் இரு வேளை, மொத்தம் 12 வாரம். சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

முதல் வாரம் அளவை ஏற்றுவதிலேயே போய்விடுவதால், ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது இதை மட்டும் நம்பித் தொடங்குவதில் அர்த்தமில்லை. அதே சமயம் நீண்டகாலப் பலனில் இது பிரகாசிக்கிறது. கனடாவில் ஆபரேஷன் நோயாளிகள் 286 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஒரு வாரம் முன் தொடங்கியவர்களில் 36.4 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் புகைக்கவில்லை. போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 25.2 சதவீதம்.

குறை, குமட்டல். வெறும் வயிற்றில் போட்டால் நிச்சயம் படுத்தும். சாப்பிட்டபின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இரவு மாத்திரையைப் படுக்கும் நேரத்தில் எடுக்காமல் இரவு உணவோடு எடுத்தால் விசித்திரக் கனவுகள் குறையும். ஆபரேஷன் முடிந்த நாளில் மயக்க மருந்தின் குமட்டலும் இதுவும் சேர்ந்துகொள்ளலாம் என்பதை மயக்க மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். மனநிலையைக் குலைக்கும் என்ற பழைய அச்சத்தை, 8,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு பெருமளவு தணித்துவிட்டது. 2021-இல் நைட்ரோசமைன் (புற்றுநோய் அபாயமுள்ள வேதிப்பொருள்) கலப்பு காரணமாக மூல நிறுவனத்தின் மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. அதனால் மாத்திரை முழுக் காலத்துக்கும் தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சைடிசின், புப்ரோபியான்

சைடிசின் வரெனிக்ளினின் மூத்த உறவு. 1.5 மில்லிகிராம் மாத்திரை, 25 நாள் அட்டவணை. முதல் 3 நாள் இரண்டு மணிக்கு ஒன்று வீதம் ஆறு, பிறகு ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கி இரண்டு, ஒன்றில் முடியும். ஐந்தாம் நாளுக்குள் புகையை முழுதாக நிறுத்திவிட வேண்டும். நான்கு வாரக் காத்திருப்போடு இந்த 25 நாள் அழகாகப் பொருந்துகிறது. குறை என்னவென்றால் நாளுக்கு ஆறு முறை நினைவு வைத்து விழுங்க வேண்டும். மறதிக்காரருக்கு வேண்டாம்.

புப்ரோபியானை ஆபரேஷன் நோயாளிக்கு நாங்கள் கடைசியில்தான் வைப்போம். வலிப்பு வந்தவர்களுக்குக் கூடாது. விடும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். இன்னொரு காரணம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கோடீன், டிரமடால் போன்ற வலி மருந்துகளை உடல் செயலுள்ள வடிவத்துக்கு மாற்றும் நொதியை இது தடுக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் வலி அடங்காமல் போகலாம். டிரமடாலோடு சேர்ந்தால் வலிப்பு அபாயமும் கூடும்.

மூச்சுக் கருவி

மூச்சை இழுத்து 15 விநாடி பிடித்து, மெதுவாக, நுரையீரல் காலியாகும்வரை ஊத வேண்டும். திரையில் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் எண் வரும். புகைக்காதவர் என்று கொள்ளும் எல்லைக்கோடு கருவிக்குக் கருவி மாறும். 10-க்குக் கீழே என்பது நெடுநாள் வழக்கம், இப்போது பலர் 6-ஐ ஒட்டி வைக்கிறார்கள். இதன் பெரிய பலம், நோயாளிக்குத் தன் முன்னேற்றம் கண்ணெதிரே தெரிவது. இன்று 22, மறுநாள் 7 என்று எண் இறங்குவதைப் பார்த்தவரிடம் ஆக்சிஜனைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. "பாதியாகக் குறைத்துவிட்டேன்" என்பவரிடமும் இது உண்மை பேசும். எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் ஒவ்வொரு சிகரெட்டையும் ஆழமாக இழுப்பதால் எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்குவதில்லை.

எல்லைகளும் உண்டு. ஏறத்தாழ கடைசி ஒரு நாளைத்தான் இது காட்டும். மெல்லும் புகையிலை இதில் தெரியாது. பால் சர்க்கரை செரிக்காதவர்களின் மூச்சில் உள்ள ஹைட்ரஜன் பொய்யாக எண்ணைக் கூட்டிக் காட்டலாம். ஊதுகுழலை ஆளுக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். கருவியை ஆல்கஹால் துணியால் துடைப்பதும், கையில் தேய்த்த கிருமிநாசினி உலரும் முன் அதைத் தொடுவதும் உணரியைக் கெடுக்கும். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் அளவுதிருத்தம் செய்யாத கருவியை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது நோயாளிக்கு அநீதி.

சிறுநீரிலோ இரத்தத்திலோ கோட்டினின் பார்க்கும் பரிசோதனையில் இன்னொரு பொறி இருக்கிறது. நிகோடின் உடலில் சிதைந்து உருவாகும் பொருள்தான் கோட்டினின். பேட்ச் ஒட்டியவருக்கும் கம் மெல்பவருக்கும் அது இருக்கத்தான் செய்யும். சிகரெட்டை முழுதாக விட்டு, சொன்னபடி பேட்ச் ஒட்டியவரைப் பொய்யர் ஆக்கிவிடும் பரிசோதனை இது. நிகோடின் மாற்றுப் பொருள் பயன்படுத்துவோருக்கு மூச்சுக் கருவியே சரி. கோட்டினின்தான் கேட்கிறார்கள் என்றால், பேட்ச் பற்றி மாதிரி கொடுக்கும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

ஆலோசனைச் சேவை

நான்கு வாரத்துக்குக் குறையாமல் வாரம் ஒருமுறை பேசி, கூடவே நிகோடின் மாற்றும் தரும் சேவை சிக்கல்களைக் குறைக்கிறது. ஒருமுறை பேசி அனுப்பும் சேவைக்கு அப்படிப்பட்ட ஆதாரம் இல்லை. நல்ல சேவை என்றால் விட்ட இரண்டாம், மூன்றாம் நாள் தாங்களே அழைப்பார்கள். தவிப்பு உச்சத்தில் இருப்பது அப்போதுதான். ஆபரேஷனுக்கு முந்தின மாலையும் அழைப்பார்கள், ஏனென்றால் பயத்தில் கை நீள்வது அன்றைக்கு. ஒரு சிகரெட் புகைத்துவிட்டதாகச் சொன்னால் திட்டாமல், பேட்ச்சைக் கழற்ற வேண்டாம், அப்படியே தொடருங்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும்.

அவர்கள் கேட்டாக வேண்டிய கேள்வி இன்னொன்று: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? புகையிலுள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியை வேகப்படுத்துகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் தணிந்து தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து), குளோசபின், ஒலான்சபின் (இரண்டும் மனநோய் மருந்துகள்) ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் ஏறும். மருந்தளவைத் திருத்த வேண்டியிருக்கும். காஃபினுக்கும் இதே கதை. வழக்கமான காபியையே குடித்துவிட்டு வரும் நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் பலர் நிகோடின் தவிப்பு என்று நினைக்கிறார்கள். காபியைப் பாதியாக்கச் சொன்னாலே பாதிப் புகார் நின்றுவிடும்.

மூலிகை சிகரெட்டை வாங்க வேண்டாம். புகையிலை இல்லாவிட்டாலும் எரியும் இலையிலிருந்து கார்பன் மோனாக்சைடும் தாரும் வரத்தான் செய்யும். ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு அதில் எந்த லாபமும் இல்லை.

எவ்வளவு வாங்குவது

நான்கு வாரத்துக்கு 28 பேட்ச், தவிப்புக்கு நாளுக்கு ஆறிலிருந்து பத்து கம் என்று கணக்கிட்டு ஒரே தடவையில் வாங்குங்கள். தீர்ந்துபோய் மறுபடி வாங்கும் வரையுள்ள இடைவெளியில்தான் பலர் மீண்டும் புகைக்கிறார்கள். ஆபரேஷன் காலை கம்மும் சப்பும் மாத்திரையும் வெறும் வயிற்று விதிக்குள் வரும், மயக்க மருத்துவர் சொன்ன நேரத்தோடு நிறுத்த வேண்டும். பேட்ச்சை வைத்திருப்பதா எடுப்பதா என்பதை அவரும் அறுவை மருத்துவரும் முந்தின நாளே முடிவுசெய்து எழுதட்டும். வார்டில் மருந்துச் சீட்டில் பேட்ச் எழுதப்படாவிட்டால் அன்றிரவே விட்டுப்போகும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மீதி வாரங்களுக்கான 21, 14, 7 அட்டவணையும், வரெனிக்ளின் என்றால் 12 வாரம் முடியும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.